கடலோர ஊரில் ஏசி, கீசர் வேலைக்கு நம்பகமான மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு ஊர் கீழக்கரை. மாடியில் நின்றால் தெற்கே கடல் தெரியும். 2018-ல் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்கினோம். மாட்ட வந்தவர்கள் வெளி யூனிட்டை அந்தத் தெற்குச் சுவரிலேயே, கடலைப் பார்த்து மாட்டிவிட்டுப் போனார்கள். நானும் பக்கத்தில் நின்று டீ கொடுத்தேன்.

அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் ஒரே கதை. அறை குளிராது. மெக்கானிக் வருவார், மீட்டரை மாட்டுவார், "கேஸ் கம்மியா இருக்கு காக்கா" (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்) என்பார், நிரப்புவார், பணம் வாங்கிக்கொண்டு போவார். மூன்று வருடம் இப்படியே போனது. வண்டிக்குப் பெட்ரோல் போடுவது மாதிரி இதுவும் ஒரு செலவு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் ஏசி கேஸ் தீர்ந்துபோகிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் போடுகிறவர், அடுத்த வருடமும் தனக்கு வேலை வைத்துவிட்டுத்தான் போகிறார்.

நாலாவது வருடம் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்தும் ஒரு நண்பரிடம் புலம்பினேன். அவர் தன் லாட்ஜுக்கு வருகிற பையனை அனுப்பி வைத்தார். ஆள் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான். விளம்பரத்தையும் நட்சத்திர மதிப்பெண்ணையும் விடுங்கள். கடலை ஒட்டி இருபது முப்பது ஏசி வைத்திருப்பவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள். சீசனில் ஒரு அறை குளிரவில்லை என்றாலும் அவருக்கு நஷ்டம். ஒப்பேற்றுகிற ஆளை அவர் வைத்துக்கொள்ள மாட்டார்.

அந்தத் தம்பி தங்கச்சிமடத்துக்காரர். வந்ததும் மீட்டரை எடுக்கவில்லை. "பாய், கச்சான் காத்து எந்தப் பக்கம் வந்து அடிக்கும்?" என்று கேட்டார். கச்சான் என்பது தென்மேற்குக் காற்று. அப்புறம் உள் யூனிட்டைத் திறந்து ஃபில்டரைப் பார்த்தார். குழாயில் ஐஸ் கட்டினால் கேஸ் குறைவாக இருக்கலாம், ஃபில்டர் தூசி அடைத்தும் இருக்கலாம். ஃபில்டரைப் பார்க்காமலே கேஸ் என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பிறகு நைட்ரஜன் சிலிண்டரை இறக்கிக் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றினார். சோப்பு நுரையை இணைப்பு இணைப்பாகத் தடவினார். வெளி யூனிட்டில் பித்தளை நட் இறுகும் இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. அங்கே நுரை குமிழ் விட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று வருடப் பணம் குமிழ் குமிழாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்தச் சோதனைக்கு நைட்ரஜன்தான் வேண்டும். வெல்டிங் கடையிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். அதே போல, குழாயைத் திறந்து மூடிய பிறகு வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பம்ப் இல்லாத ஆட்கள் கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு மூடிவிடுவார்கள். உள்ளே தங்கும் ஈரம் அமிலமாகி, மெதுவாகக் கம்ப்ரசரைத் தின்னும். இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். அது லேசாகத் தீப்பற்றக்கூடியது. எத்தனை கிராம் என்று வெளி யூனிட் ஸ்டிக்கரிலேயே இருக்கும். தம்பி தராசு வைத்து நிறுத்துப் போட்டார். பழையவர் குழாயைத் தொட்டுப் பார்த்தே போடுவார்.

இவ்வளவு பொறுமையாகத் தேட எங்கே கற்றாய் என்று கேட்டேன். கொஞ்ச காலம் மண்டபத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்த்தாராம். மீனுக்கு ஐஸ் அடிக்கும் அந்த பிளான்ட்டில் அமோனியா ஓடும். "அங்க கசிஞ்சா மூக்கே சொல்லிரும் பாய். இதுல வாசனையே கிடையாது, நாமதான் தேடணும்" என்றார்.

குழாய் நுனியை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் செய்தார், அதாவது நட்டுக்குள் இறுக உட்காரும்படி நுனியை விரித்தார். யூனிட்டை வடக்குச் சுவருக்கு மாற்றச் சொன்னார். குழாய் நீளம் கூடியதில் செலவுதான், ஆனால் காரணம் சொன்னார். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், அலுமினியம் முதலில் அரித்துப் பொடியாகும். எங்கள் யூனிட்டின் தகட்டை விரலால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டியது. இந்தக் காற்று எதைத்தான் விட்டது? 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கே பெயின்ட் அடித்துப் பெயின்ட் அடித்துத்தான் காலம் தள்ளினார்கள். கடைசியில் தூக்குப் பாலப் பகுதியில் அரிப்பு மிஞ்சிப்போய், 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்த வேண்டியதாயிற்று.

வெளி யூனிட்டை மாதம் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். ஆனால் போர் தண்ணீர் கூடாது, அதுவே உப்பு. ஆக, குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் ஒரு வாளி ஏசிக்கு. "குடிக்கிற தண்ணிய கொண்டு போயி மெஷினுக்கு ஊத்துறியே" என்று உம்மா இன்னும் திட்டுகிறார். ஆசிட் மாதிரி எதையாவது அடித்துப் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்பவரைக் கிட்டேயே சேர்க்காதீர்கள், மிச்சத் தகடும் போய்விடும்.

கீசரில் பணம் போவது மட்டும் இல்லை, ஆளுக்கே ஆபத்து. இரண்டு கிலோவாட் எலிமென்ட், நம் உப்புத் தண்ணீர், ஈரத் தரை. என் மாமி வீட்டு கீசரில் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று ஒருவர் அதை அடைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற இருக்கும் வழி அது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால் டேங்க் வெடிக்கலாம். நல்ல மெக்கானிக் வால்வை மாற்றுவார், டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்துவிட்டதா என்று பார்ப்பார், எர்த் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் ஸ்விட்சைப் போடுவார். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று தானாகவே கேட்டால், அவர் எண்ணை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான் வீட்டில் குளிருக்கு வீட்டைச் சூடாக்க, எரிவாயுவில் ஓடும் கேஸ் பாய்லர். அதைத் தொட வருகிறவர் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 2009 ஏப்ரலிலிருந்து இந்தப் பதிவேடுதான். பதிவு பெற்றவரின் அடையாள அட்டையின் பின்பக்கம் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அச்சிட்டிருக்கும். எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். நம் பக்கம் ஏசி மெக்கானிக்கிடம் அப்படி ஓர் அட்டையைக் கேட்க முடியாது. ஐடிஐ படித்தவரா என்று கேட்கலாம். படித்தவர் எல்லாம் நல்லவர் என்றில்லை, படிக்காத கைகாரர்களும் உண்டு. நான் அதைவிட, கழற்றிய பழைய பாகத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வேன். கம்ப்ரசர் போச்சு என்றால், கெப்பாசிட்டரை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்வேன். சில நூறு ரூபாய் கெப்பாசிட்டர் பலவீனமானாலும் கம்ப்ரசர் கிளம்பாது. இதற்கு முகம் சுளிக்கிறவரை மறுபடி கூப்பிடுவதில்லை.

வாரன்டி ஓடும்வரை மட்டும் கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள். அட்டையில் துரு, அரிப்பு பற்றி என்ன போட்டிருக்கிறது என்று வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

அப்புறம், கத்திரி வெயிலில் ஆள் தேடாதீர்கள். அப்போது நல்லவருக்கும் நேரம் இருக்காது. கார்த்திகையில் ஒரு சர்வீஸுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். எங்கள் தம்பி அந்த மாதத்தில்தான் வருவார். ஏசி வேலை முடிந்தாலும் உம்மாவிடம் ஒரு டீ வாங்கிக் குடிக்காமல் கிளம்ப மாட்டார். அந்த ஒரு வாளித் தண்ணீர் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.