குழந்தைக்குத் தடவிய கிரீமால் தடிப்பு: டப்பாவைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: "100% இயற்கை" என்று ஆன்லைனில் விற்ற 100 கிராம் பேபி கிரீமை 450 ரூபாய்க்கு வாங்கி என் 7 மாதக் குழந்தைக்குத் தடவினேன். மூன்றாம் நாளே கழுத்து மடிப்பு சிவந்து தடித்துவிட்டது. மருத்துவச் செலவு மட்டும் 3,800 ரூபாய். டப்பாவை அனுப்பினால் பணத்தைத் தருவதாக விற்றவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, நாமக்கல்

பதில்: தயவுசெய்து டப்பாவை அனுப்பாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சியே அதுதான். மூடியை இறுக்கி, மிச்சத்தோடு அப்படியே எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு குட்டிப் பாதம், ஒரு செல்பேசி எண், "கெமிக்கல் இல்லை" என்று ஒரு வரி. சேர்மானப் பட்டியல் இல்லை, பேட்ச் எண் இல்லை, உரிம எண்ணும் இல்லை. 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி இவை லேபிளில் இருந்தாக வேண்டும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் விற்பதற்கு என்றால் உரிமம் கட்டாயம். 'இயற்கை' என்பதற்காகச் சட்டம் விட்டுவிடாது. லாவண்டர் எண்ணெயும் செடியிலிருந்து வருவதுதான், பிஞ்சுத் தோலுக்கு அதுவே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்து எதைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர் எப்படிச் சொல்வார்? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

உரிமம் இல்லாத விற்பனை பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உங்கள் பகுதி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். இழப்பீட்டுக்கு, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இந்த விலைப் பொருளுக்குக் கட்டணம் கிடையாது. போதிய எச்சரிக்கை தராததே தயாரித்தவரைப் பொறுப்பாக்கும் காரணங்களில் ஒன்று.

"ஒவ்வொரு குழந்தைக்கும் தோல் ஒவ்வொரு மாதிரி" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதாடும். அதனால் கிரீமின் பெயர், தடவ ஆரம்பித்த நாள், நிறுத்திய பின் தடிப்பு குறைந்ததா என்பதையெல்லாம் மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்புறம், 450 ரூபாயை வாங்கிக்கொண்டாலும் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காதீர்கள்.

குழந்தையின் கழுத்தை இன்றே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். தடிப்பு சீக்கிரம் ஆறிவிடட்டும். ஆறிய பிறகு காட்ட அந்தப் படம் வேண்டும்.