ஒரே நிறுவனம் ஏன் இரண்டு மூன்று வகைப் பங்குகளை வெளியிடுகிறது?

ஆல்பபெட் (கூகுளின் தாய் நிறுவனம்) பங்கை முதன்முதலில் தேடியபோது பட்டியலில் இரண்டு வந்து நின்றன. ஏதோ ஒன்று போலி என்று நினைத்துவிட்டேன். இரண்டும் அசல்தான், ஒன்றுக்கு ஓட்டு உண்டு, மற்றதற்குக் கிடையாது.

ஒரு பங்குக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: லாபத்தில் பங்கு, முடிவெடுப்பதில் ஓட்டு. பணம் திரட்டப் பங்கை விற்றால் ஓட்டும் கூடவே கைமாறிவிடும். ‘பணம் வேண்டும், பிடி விடக்கூடாது’ என்று நினைக்கும் நிறுவனர்கள் இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தம் 1 கோடி பங்குகள். நிறுவனரிடம் 10 லட்சம்தான், அதாவது 10 சதவீதம். ஆனால் அவருடைய பங்குக்குத் தலா 10 ஓட்டு. அவருக்கு 100 லட்சம் ஓட்டு, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 90 லட்சம். அவ்வளவுதான், யாராலும் அவரை அசைக்க முடியாது.

கூகுள் 2004இல் சந்தைக்கு வந்தபோது செய்தது இதைத்தான்: பொதுமக்களுக்கு ஒரு ஓட்டுள்ள ஏ வகை, நிறுவனர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் 10 ஓட்டுள்ள பி. அப்புறம் ஊழியர்களுக்கும், கூகுள் விலைக்கு வாங்கும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் பங்காகவே கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பிடியும் தளருமே? அதற்காக 2014இல் ஓட்டே இல்லாத சி வகை வந்தது.

எல்லா இடத்திலும் காரணம் ஓட்டு மட்டுமல்ல. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் ஒரு பங்கு 30,000 டாலரைத் தாண்டியிருந்த காலத்தில், அதை வாங்கித் துண்டு போட்டுக் கமிஷன் வைத்து விற்கச் சிலர் கிளம்பினார்கள். அவர்களுக்கு வழி அடைக்க, 1996இல் அதை நடத்திவந்த வாரன் பஃபெட் தாமே முப்பதில் ஒரு பங்கு மதிப்புள்ள பி வகையை வெளியிட்டார். ஏ பங்கை பி ஆக மாற்றிக்கொள்ளலாம். திரும்ப ஏ ஆக்க முடியாது.

முன்னுரிமைப் பங்குகள் தனிக் கதை. டிவிடெண்டும் (லாபத்தில் பங்குதாரர்களுக்குத் தரும் தொகை), கம்பெனி கலைந்தால் மிஞ்சும் பணமும் சாதாரணப் பங்குதாரர்களுக்கு முன்பே இந்தப் பங்கு வைத்திருப்பவர்களுக்குப் போகும். பதிலுக்குப் பெரும்பாலும் ஓட்டு கிடையாது.

ஓட்டைப் பிரிப்பது எனக்கு முழுக்கப் பிடித்த ஏற்பாடு அல்ல. நிறுவனர் திறமைசாலியாக இருக்கும்வரை சரி, சறுக்கினாலும் இறக்க முடியாது. இத்தனை ஆண்டுக்குப் பின் கூடுதல் ஓட்டு காலாவதி என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன, அது நியாயமாகத் தெரிகிறது.

கடைசியில் நான் வாங்கியது சி வகைதான். ஓட்டு இருந்திருந்தால் மட்டும் போட்டிருப்பேனா என்ன!