ஐந்து இடங்களில் வாங்கிய டிராகன் பழச் செடிகள் ஐந்து ரகங்கள்தானா?

மலேசியாவில் குளுவாங் பக்கம் சிறு தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: சிவப்புச் சதை டிராகன் பழத்தை ஐந்து நர்சரிகளில் ஐந்து பெயர்களில் வாங்கி நட்டாராம். நன்றாகப் பூக்கிறது, காய் பிடிப்பதில்லை. எல்லாம் ஒரே செடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நானும் அதே ஊர்க்காரி, செடி மரபியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். பெயரை நம்பாதீர்கள், ஐயா. இந்தக் கள்ளியைத் தண்டு வெட்டித்தான் பெருக்குகிறோம். கைமாறும்போது தண்டுக்குப் புதுப் பெயர் வந்துவிடும். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஒட்டுக்கட்டிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் ரகம் ஜொகூரில் நின்றாலும் கெடாவில் நின்றாலும் மரபில் ஒரே மரம்.

கண்ணால் பார்த்து ஓரளவுதான் சொல்ல முடியும். வெள்ளைச் சதை இனத்துக்குத் தண்டு விளிம்பு காய்ந்து தடித்திருக்கும். சிவப்பில் பெரும்பாலும் சாம்பல் பூத்த மெழுகுப் படலம் தெரியும். அது இனத்தைப் பிரிக்குமே தவிர, ஒரே இனத்துக்குள் இருக்கும் ரகங்களைப் பிரிக்காது. பழத்தின் அளவை வைத்து முடிவு செய்யவே கூடாது. எத்தனை விதை பிடித்ததோ அதற்கேற்பப் பழம் பருக்கும்.

முதலில் பூவையே கேளுங்கள். சிவப்பு ரகங்கள் பல தன் மகரந்தத்தையே ஏற்பதில்லை. ஒரே செடியிலிருந்து வெட்டிய தண்டுகளின் மகரந்தமும் தன் மகரந்தம்தான். பூ ஒரே இரவுதான் விரியும் என்பதால் மாலையிலேயே மொட்டை வலைப்பையால் மூடிவிடுங்கள். இரவில் ஒரே சிவப்புச் செடியில் ஒரு பூவுக்கு அதே செடியின் மகரந்தம், இன்னொன்றுக்கு வேறு பெயர்ச் செடியின் மகரந்தம், மூன்றாவதற்கு அக்கம்பக்கத்து வெள்ளைச் சதைச் செடியின் மகரந்தம் தடவுங்கள். மூன்றாவது பூ மட்டும் காய்த்தால், அந்தச் சிவப்புச் செடியும் வேறு பெயர்ச் செடியும் ஒரே செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நெருங்கிய உடன்பிறப்புகளும் இப்படி மறுக்கலாம். தன் மகரந்தத்தில் காய்க்காத பூ இரண்டாவது செடியின் மகரந்தத்தில் காய்த்தால், அவை வேறு வேறு என்பது உறுதி.

ஐயம் தீராவிட்டால் டிஎன்ஏ சோதனை. டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளின் நீளத்தை ஒப்பிடும் எஸ்எஸ்ஆர் முறையைக் கேளுங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதிகளையும் தனித்தனியே காட்டும். தண்டின் வழவழப்புப் பசை டிஎன்ஏ பிரிப்பதைக் கெடுக்கும், அதனால் வேர் நல்லது. ஒரு தூணில் மூன்று நான்கு தண்டு நடுவதுண்டே, மாதிரியைத் தூணுக்கு ஒன்றாக எடுக்காமல் தண்டுக்கு ஒன்றாக எடுங்கள். ஒரே செடியை இரண்டு எண்களில் அனுப்பி வையுங்கள். அந்த இரண்டும் மாறி வந்தால், ஆய்வகத்தின் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அறிக்கையைப் படிக்கும்போது பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரு செடிக்குள் இரண்டு பிரதிகளும் வேறுபட்டிருந்தால் ‘மரபுப் பன்மை அதிகம்’ என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்தச் செடியையே ஆயிரம் தண்டாக நட்டாலும் ஒவ்வொன்றிலும் அதே முடிவுதான் வரும். தோட்டத்தில் பன்மை சுழியம். செடிக்கும் செடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். மஞ்சள் தோல் இனம் இருந்தால் தனியே கணக்கிடுங்கள். மற்றவற்றுக்கு 22 குரோமோசோம், அதற்கு 44; அதனால் இரண்டு பிரதிக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

காய்ப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நியோசைட்டாலிடியம் என்ற பூஞ்சையால் வரும் தண்டுப்புற்று மலேசியத் தோட்டங்களை வாட்டுகிறது. எல்லாம் ஒரே செடியானால் அதன் பலவீனமும் எல்லாத் தூணிலும் ஒன்றே.

ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பூப்பிலேயே வெள்ளைச் சதைச் செடியின் மகரந்தம் வாங்கித் தடவுங்கள். வரிசைக்கு இடையே அதன் தண்டுகளையும் நட்டுவிடுங்கள்.