மேட்டில் ஏறினால் லாரி ஏன் கரும்புகை கக்குகிறது?

கேள்வி: காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் லாரியில் வாரம் ஒருமுறை தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். வழியில் மேட்டில் உள்ள ஹாரிஸ்மித் ஊரைத் தாண்டினால் இழுவை இல்லை, கரும்புகை வருகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: கூடாது. பெரிய ஜெட் போட்டால் புகை இன்னும் கூடும். மேட்டுப் பகுதியில் உங்கள் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் இல்லை, காற்றுதான் போதவில்லை.

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 16 விழுக்காடு குறைவு. எஞ்சின் முன்போலவே அதே லிட்டர் காற்றை இழுத்தாலும் அதன் எடை அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் கழுத்தில் உறிஞ்சப்படும் பெட்ரோலோ 8 விழுக்காடுதான் குறைகிறது. டர்பனில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று சரியாக இருந்த கலவை, மேலே 13.5 ஆகி, பெட்ரோல் மிகுந்து ரிச் ஆகிவிடும். பிளக் கரி பிடிப்பதும் ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) தடுமாறுவதும் அதனால்தான். இழுவை குறைந்ததில் பெரும்பங்கு காற்றுக் குறைவால் வந்தது. எந்த ஜெட்டாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. வான் ரீனன் கணவாயில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கூடுதல் பெட்ரோல் வழி திறந்து புகைதான் பெருகும். ஒரு கியர் முன்கூட்டியே இறக்கி, கால்வாசி மிதியை மிச்சம் வைத்து ஏறுங்கள்.

மேலேயே தங்கி ஓட்டும் வண்டி என்றால் மெயின் ஜெட்டைச் சிறிதாக்கலாம். விட்டத்தை எண்ணாகப் பொறித்த ஜெட்டில் 120 இருந்தால் 115 போதும்; துளையின் பரப்பு 8 விழுக்காடு குறைந்துவிடும். பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கையும் 3 டிகிரி முன்னே தள்ளலாம், மெலிந்த காற்றில் கலவை மெதுவாக எரிவதால். ஆனால் நீங்கள் வாரந்தோறும் திரும்பி இறங்குகிறவர். 115 ஜெட்டோடும் முன்தள்ளிய டைமிங்கோடும் கடற்கரைக்கு வந்து சுமையேற்றினால் கலவை பெட்ரோல் குறைந்து லீன் ஆகும், எஞ்சின் தட்டும் (கலவை தானாக வெடித்துச் சத்தம் வரும்), வால்வு எரியும், பிஸ்டன் தலையே ஓட்டையாகலாம். ரிச்சாக ஓடினால் கொஞ்சம் பெட்ரோல் காசு போகும். லீனாக ஓடினால் எஞ்சினே போகும். ஆகவே ஜெட்டும் டைமிங்கும் டர்பன் அளவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் தொட வேண்டியது ஐடில் ஒன்றைத்தான். எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஏர் ஃபில்டர் மாட்டியபடி இருக்கும்போது செய்யுங்கள். த்ராட்டில் தகட்டுக்கு அருகே, எஞ்சின் பக்கமாக இருக்கும் கலவைத் திருகை கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். வேகம் முதலில் ஏறும், பிறகு விழத் தொடங்கும். விழத் தொடங்கிய இடத்திலிருந்து சிறிது பின்னே எடுத்து, சீராக ஓடும் இடத்தில் விடுங்கள். அதன்பின் த்ராட்டில் திருகால் ஐடில் வேகத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். எத்தனை கால் சுற்று திருகினீர்கள் என்று டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவையுங்கள், இறங்கியதும் அத்தனையும் திரும்ப எடுக்க வேண்டும். சில கார்புரேட்டரில் இந்தத் திருகு காற்றைக் கட்டுப்படுத்தும். அங்கே திசை தலைகீழ். உள்ளே திருகியதும் புகை கூடினால் உங்களுடையது அந்த வகை.

சில ஜப்பான் கார்புரேட்டர்களில் உயரத்தைச் சரிக்கட்டும் அமைப்பே உண்டு. காற்று வெளியேற்றிய ஒரு சிறு உலோகப் பெட்டி அழுத்தம் குறையும்போது விரிந்து, பெட்ரோல் வழியில் கூடுதல் காற்றை விடும். உங்கள் வண்டியில் அது இருந்தால் முதலில் அதன் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். வெடித்த குழாயை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

திருகைத் தொடும் முன் ஏர் ஃபில்டர் சுத்தமா, காற்று வழியை மூடும் சோக் முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். டர்பனிலேயே பிளக் கறுப்பாக இருந்தால் குறை உயரத்தில் இல்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவைத் தடுக்கும் ஃப்ளோட் ஊசி தேய்ந்திருக்கும், அல்லது அங்கே பெட்ரோல் மட்டம் ஏறியிருக்கும்.

எஞ்சின் உறிஞ்சும் விசையைக் காட்டும் வெற்றிட அளவியைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். டர்பனில் 18 அங்குலம் காட்டிய எஞ்சின் ஜோகன்னஸ்பர்க்கில் 12, 13தான் காட்டும். இதைப் பார்த்து பிஸ்டன் ரிங் போச்சு என்று எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மேட்டுப் பகுதி பெட்ரோல் பங்க்குகளில் 93 ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் அளவு) பெட்ரோல் கிடைக்கும், மேலே அது போதும். திரும்பும்போது மட்டும் 95 ஊற்றுங்கள். கீழே காற்று அடர்ந்து அழுத்தம் ஏறும்போது 93இல் எஞ்சின் தட்டலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். மேலே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் கணவாய் தாண்டுவதற்குள் ஆவி பறக்கும்.