டேராடூனில் வீடு வாங்கலாமா?

கேள்வி: மகளும் மருமகனும் டேராடூனில் வேலை பார்க்கிறார்கள். அங்கேயே ஒரு அபார்ட்மென்ட் பார்த்து, முன்பணம் கொடுக்கும் நிலையில் இருக்கிறார்கள். இமயமலை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, என்றைக்கானாலும் பெரிய நிலநடுக்கம் வரும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. 'அவ்வப்போது சின்னச் சின்ன அதிர்வு வருவதால் அழுத்தம் குறைந்துவிடுகிறது, பயப்படாதீர்கள்' என்கிறார் கட்டுநர். யார் சொல்வது சரி? வாங்கலாமா, வேண்டாமா? (வாசகி, மதுரை)

பதில்: உறவினர் சொல்வதுதான் சரி. ஆனாலும் வாங்கலாம். எந்தக் கட்டடத்தில் வாங்குகிறார்கள் என்பதை மட்டும் கறாராகப் பார்க்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, அந்த ஊர் நிற்கும் நிலம் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த முறை மகளைப் பார்க்க டெல்லியிலிருந்து சாலை வழியாகப் போனால், சஹாரன்பூரைத் தாண்டி மோகண்ட் என்ற இடத்தில் ஜன்னல் பக்கம் கவனியுங்கள். அதுவரை தட்டையாகக் கிடந்த கங்கைச் சமவெளி அங்கே சட்டென்று முடிந்து, சிவாலிக் குன்றுகள் எழும்பும். மலையை வெட்டிய இடங்களில் மணற்பாறையும், உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்த பாறையும் அடுக்கடுக்காகத் தெரியும். எல்லாம் பழைய ஆறுகள் கொண்டுவந்து போட்டவை. ஆற்றுப் படிவு ஏறக்குறைய கிடைமட்டமாகத்தான் படியும். அங்கேயோ அடுக்குகள் சாய்ந்து நிற்கின்றன. வடக்கே போகும் இந்தியப் புவித்தட்டின் (நாட்டையே சுமந்து நகரும் பெரும் பாறைத் தகட்டின்) மேல்தோல் சுரண்டப்பட்டு, மடங்கி, தூக்கி நிறுத்தப்பட்டிருப்பதை அந்தச் சரிவில் கண்ணாலேயே பார்க்கலாம்.

நம் தமிழ்நாடும் அதே தட்டின் மேல்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவுடன் ஒட்டியிருந்து பிரிந்த நிலம் இது. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. புவித்தட்டுகளுக்கு இது அசுர வேகம். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெத்திஸ் என்ற கடல் இருந்தது. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு நிலங்களும் மோதின. கடலடித் தளம் அடர்த்தியானது, அதனால் அது எளிதாகப் பூமிக்குள் அமிழ்ந்துவிட்டது. கண்டத்தின் பாறை லேசானது, அப்படி அமிழாது. போக இடமில்லாமல் நொறுங்கி, மடிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மலையாக நின்றுவிட்டது.

இதற்குச் சான்று உங்கள் பூஜையறையிலேயே இருக்கக்கூடும். நேபாளத்தில் முக்திநாத்தை ஒட்டிய கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் தெரியும் சக்கர வரிகள், டெத்திஸ் கடலில் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் சுருள் ஓடு. கடலடிச் சேற்றில் புதைந்த அந்த ஓட்டை இன்று மூவாயிரம் மீட்டருக்கு மேல் மலைச்சரிவில் பார்க்கிறோம். எவரெஸ்டின் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான்.

மோதலுக்குப் பிறகு வேகம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இன்று இந்தியா ஆண்டுக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆசியாவை நோக்கி நகர்கிறது. அதில் சுமார் 2 சென்டிமீட்டரை இமயமலை மட்டுமே தாங்குகிறது. இந்தியத் தட்டு மலைக்கு அடியில் சரிவான ஒரு தளத்தின் வழியாகச் செருகிக்கொண்டு போகிறது. அந்தத் தளம் மோகண்ட் அடிவாரத்தில் நிலமட்டத்தைத் தொட்டு, அங்கிருந்து வடக்கே சாய்ந்து, டேராடூனுக்குக் கீழே சில கிலோமீட்டர் ஆழத்தில் போகிறது. மகள் குடியிருக்கும் பள்ளத்தாக்கு இதன் விளைவுதான்: தெற்கே புதிதாக எழும்பிய சிவாலிக், வடக்கே பழைய முசூரி மலை, இரண்டுக்கும் இடையே ஆறுகள் கொட்டிய கூழாங்கல்லும் மணலும் நிரம்பிய தாழ்வு. 'டூன்' என்று அங்கே சொல்வது இப்படிப்பட்ட பள்ளத்தாக்கைத்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சரிவுத் தளம் வழுக்கிக்கொண்டு போவதில்லை. மலையின் முன்பகுதியில் சுமார் நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு அது இறுகிப் பிடித்திருக்கிறது. தட்டு நகர்ந்துகொண்டே இருக்க, மேலே உள்ள பாறை வளைத்துப் பிடித்த மூங்கில் கழியைப் போல வளைகிறது. பிடி விடும்போது பல ஆண்டு நகர்வு ஓரிரு நிமிடங்களில் நடந்துவிடுகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது, காட்மாண்டு பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது, அதற்கு வடக்கேயிருந்த உயர்ந்த மலைகள் சற்றுத் தாழ்ந்தன. மலை வளர்வது இப்படித்தான். அந்த ஒரு நாளில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்ததை நினைத்தால், 'வளர்கிறது' என்று எழுதவே மனம் வருவதில்லை.

இப்போது கட்டுநரின் வாதத்துக்கு வருவோம். நிலநடுக்க அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 8 அளவு நிலநடுக்கம் ஒன்றின் ஆற்றலை 6 அளவு நடுக்கங்களால் தீர்க்க வேண்டுமென்றால் ஆயிரம் நடுக்கங்கள் வேண்டும். அங்கே அவ்வப்போது உணரப்படுபவை பெரும்பாலும் 4, 5 அளவானவை. இவற்றால் அழுத்தம் தீராது. 1991இல் உத்தரகாசியிலும் 1999இல் சமோலியிலும் வந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற நடுக்கங்கள்கூட 7-ஐ எட்டவில்லை. மேற்கே 1905இல் காங்ராவிலும் கிழக்கே 1934இல் பீகார்–நேபாள எல்லையிலும் பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. நடுவிலுள்ள உத்தராகண்டில் கடைசியாகப் பெரியது வந்தது 1803இல். டெல்லி குதுப் மினாரின் உச்சியிலிருந்த குவிமாடம் அதில்தான் விழுந்தது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்தால், அதற்குப் பிறகு மட்டும் 4 மீட்டருக்கு மேல் நகர்வு சேர்ந்திருக்கிறது. அது வெளிப்படும் நாளை யாராலும் கணிக்க முடியாது. நாளையும் வரலாம், பேரப்பிள்ளைகள் காலத்திலும் வரலாம். அதனால் அது எந்த நாள் என்று கவலைப்படாமல், வீட்டை அதற்குத் தயாராகப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1893. அதன் 2016 பதிப்பு டேராடூனை 4-ஆம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்தது. அதில் சென்னை 3-ஆம் மண்டலம். வடிவமைப்புக்கு அந்தப் பதிப்பு தரும் மண்டலக் காரணி (இது கூடினால் கட்டடம் தாங்க வேண்டிய விசையும் கூடும்) சென்னைக்கு 0.16, டேராடூனுக்கு 0.24. நம் ஊர்ப் பழக்கத்தில் கட்டிய கட்டடம் அங்கே போதாது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில் தரைத்தளத்தைப் பாருங்கள். கார் நிறுத்துவதற்காக வெறும் தூண்களை மட்டும் விட்டு, மேலே சுவர்களோடு நான்கைந்து மாடிகள் எழுப்பியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மேலே விறைப்பு, கீழே தளர்வு. அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்தின் தூண்களில் வந்து விழும். 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் இடிந்து பலர் இறந்தார்கள். தரைத்தளத்தில் கான்கிரீட் சுவர்கள் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியும். கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது கம்பி. தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனை, 135 பாகை வளைந்து தூணின் உட்பக்கமாகப் போயிருக்க வேண்டும். வேலை சுலபம் என்று பல இடங்களில் 90 பாகையில் வளைத்து விட்டுவிடுகிறார்கள். அதிர்வில் மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த ரிங் திறந்துகொள்ளும், நீளக் கம்பி பிதுங்கும், தூண் உட்கார்ந்துவிடும். தூணும் பீமும் சேருமிடத்துக்கு அருகே ரிங்குகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஐஎஸ் 13920 என்ற தரவிதி இதையெல்லாம் சொல்கிறது. இவ்வளவு சிறிய வளைவில் உயிர் போகிறது, பிழைக்கிறது. இதில் அலட்சியம் காட்டுவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. கட்டி முடித்த வீட்டில் இதைப் பார்க்க முடியாது. கட்டமைப்பு வரைபடத்தில் ஐஎஸ் 13920 குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், கம்பி கட்டியபோது எடுத்த படங்களையும் கேளுங்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை, பள்ளத்தாக்கின் கூழாங்கல் படிவு மோசமானதல்ல, மண் பரிசோதனை அறிக்கை இருந்தால் போதும். ரிஸ்பனா, பிந்தால் ஆற்றங்கரைகளில் மண் கொட்டி மேடாக்கிய மனைகளைத் தவிர்க்கலாம். முசூரிப் பக்கச் சரிவில் மலையை வெட்டி, வெட்டிய மண்ணையே வெளிப்புறம் தள்ளிச் சமப்படுத்திய மனையை விலைக்காக வாங்க வேண்டாம். அங்கே நடுக்கமே தேவையில்லை, ஒரு கனமழை போதும்.

கட்டுநருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வரைபடத்தைக் காட்டுங்கள். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் மிகச் சிறியது. வரைபடத்தையும் மண் அறிக்கையையும் காட்டத் தயங்கும் கட்டுநர் எத்தனை சலுகை தந்தாலும், முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.