அமெரிக்காவில் வீடு மாறினால் 10 நாள்களுக்குள் யாரிடம், எப்படித் தெரிவிக்க வேண்டும்?

கேள்வி: மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் நான், நிறுவன மாற்றலில் எல்-1 விசா பெற்றுக் குடும்பத்துடன் அமெரிக்கா செல்லவிருக்கிறேன். அங்கே வீடு மாறினால் குடிநுழைவுத் துறையிடம் தெரிவிக்க வேண்டுமா? அங்கேயே படித்து முடித்து இப்போது வேலை செய்யும் என் தங்கை, நான்கு மாதங்களுக்கு முன்பு வீடு மாறியும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் என்ன செய்வது?

பதில்:

கட்டாயம் தெரிவிக்க வேண்டும். புதிய வீட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து 10 நாள்களுக்குள் தெரிவித்தாக வேண்டும் என்று அமெரிக்கக் குடிநுழைவு, குடியுரிமைச் சட்டத்தின் 265ஆம் பிரிவு சொல்கிறது. எல்-1, எச்-1பி போன்ற வேலை விசாக்காரர்கள், மாணவர்கள், கிரீன் கார்டு பெற்று ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்பவர்கள் என அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஏறக்குறைய அனைவரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். தூதரகப் பணியாளர்களுக்கான ஏ விசா, பன்னாட்டு அமைப்புகளில் பணியாற்றுபவர்களுக்கான ஜி விசா ஆகியவற்றில் இருப்பவர்களுக்கும், விசா இன்றியே உள்ளே வர அனுமதிக்கும் திட்டத்தில் வந்த பயணிகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. அந்தத் திட்டத்தில் மலேசியா இல்லை என்பதால் நம் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் அந்த விலக்கை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை.

நான் வழக்கறிஞன் அல்லன். உங்களைப் போலவே பினாங்கிலிருந்து எல்-1 விசாவில் அரிசோனாவின் சாண்ட்லர் நகருக்குப் போய்ச் சில ஆண்டுகள் குடும்பத்துடன் இருந்து திரும்பியவன். இங்கிருந்து போகும் தமிழ்க் குடும்பங்கள் விசா நேர்காணல், பிள்ளைகளின் பள்ளி, கார் ஓட்டும் உரிமம் ஆகிய எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

கேட்கத் தோன்றாததற்குக் காரணம் நம் ஊர்ப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். மலேசியாவிலும் வீடு மாறினால் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனாலும் அடையாள அட்டையில் பட்டர்வொர்த்திலோ நிபோங் திபாலிலோ உள்ள பெற்றோர் வீட்டு முகவரியை வைத்துக்கொண்டே, பினாங்குத் தீவில் வாடகை வீடு எடுத்து ஆண்டுகளைக் கழித்துவிடுபவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கடிதம் வந்தால் அம்மா எடுத்துவைப்பார், வார இறுதியில் பாலம் கடந்து போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்ற நிம்மதி நமக்கு. அமெரிக்காவில் அந்தப் பழைய வீட்டில் இருக்கப்போவது உங்கள் அம்மா அல்லர், உங்களுக்கு அடுத்து வாடகைக்கு வந்தவர்.

இந்த விதியில் நீங்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது அபராதத்தை அன்று. அரசு உங்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்பினால், நீங்கள் கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு எழுதும். எழுதியதோடு அதன் கடமை பெரும்பாலும் முடிந்துவிடும். கடிதம் உங்கள் கைக்கு வராமற்போனாலும், சட்டத்தின் பார்வையில் உங்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்றே கொள்ளப்படக்கூடும். விண்ணப்பம் ஒன்றுக்குக் கூடுதல் ஆவணம் கேட்டு எழுதி, குறித்த கெடுவுக்குள் பதில் வரவில்லையென்றால் அந்த விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். இதன் கொடிய வடிவத்தைக் குடிநுழைவு நீதிமன்றங்களில் காணலாம். நாடு கடத்தும் வழக்கில் இருப்பவர் முகவரி மாறிய 5 வேலை நாள்களுக்குள் இஓஐஆர்-33 என்ற வேறொரு படிவத்தை நீதிமன்றத்திடமே தாக்கல் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டு, விசாரணை நாள் குறித்த அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய், அவர் வராமற்போனால், அவர் இல்லாமலேயே நாடு கடத்தும் உத்தரவைப் பிறப்பிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு அந்த நிலைமை வரப்போவதில்லை. ஆயினும் முகவரி என்பதை அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டம் எவ்வளவு கனமாக எடுத்துக்கொள்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

குடிமகன் அல்லாதவருக்கு முகவரி எவ்வளவு முக்கியம் என்பதை நான் முதலில் உணர்ந்தது என் பாட்டியிடம். அவர் கடைசிவரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர். சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர்தான் அதில் முகவரி. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்குள்ள எழுத்தரான கிராணி கூப்பிட்டுக் கொடுப்பார். தோட்டம் துண்டாடப்பட்டு லயம் இடிந்த பிறகு, கிராணியும் இல்லை, அலுவலகமும் இல்லை; முகவரி மட்டும் அட்டையில் நின்றது. என் மாமா அவரைப் பதிவிலாகாவுக்கு அழைத்துச்சென்று மாற்றும்வரை, அரசு எழுதிய எதுவும் அவரிடம் வந்து சேர வழியே இல்லாமல் இருந்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அமெரிக்கக் குடியுரிமை, குடிநுழைவுச் சேவைத் துறையான யூஎஸ்சிஐஎஸ்-இன் இணையதளத்தில் கணக்கொன்று தொடங்கி, அதிலேயே முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கலாம். தாளில் அனுப்ப விரும்பினால் ஏஆர்-11 என்ற படிவம் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பெயர், பிறந்த தேதி, பழைய முகவரி, புதிய முகவரி ஆகியவற்றோடு, ஏ எண் என்று அவர்கள் வழங்கும் வெளிநாட்டவர் பதிவு எண் இருந்தால் அதையும் கேட்பார்கள். குடியிருக்கும் முகவரி என்ற இடத்தில் அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுக்கக் கூடாது. உண்மையில் தங்கும் வீட்டின் முகவரியே வேண்டும். அடுக்ககமாக இருந்தால் வீட்டு எண்ணை மறக்காதீர்கள். இணையத்தில் செய்வதே நல்லது என்பது என் கருத்து. உறுதிப்படுத்தும் பக்கம் உடனே கிடைக்கும், அதைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். தாளில் அனுப்புவதானால் படிவத்தின் நகலையும் அனுப்பியதற்கான அஞ்சல் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

நிறுவன மாற்றலில் போகிறவர்களுக்கு முதல் முகவரி மாற்றம் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமே வந்துவிடும். போய் இறங்கியதும் நிறுவனம் ஏற்பாடு செய்த தற்காலிகக் குடியிருப்பில் சில வாரங்கள் தங்குவீர்கள். விசா விண்ணப்பத்தில் கொடுத்ததும் அநேகமாக அந்த முகவரியாகவே இருக்கும். அங்கிருந்து சொந்தமாக வாடகை வீடு பார்த்துப் போகும் நாளிலேயே உங்கள் 10 நாள் கணக்குத் தொடங்கிவிடுகிறது. தளவாடம் வாங்குவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, மின்கணக்குத் திறப்பது என்று தலைக்கு மேல் வேலை இருக்கும் வாரம் அது. சாவி வாங்கிய அன்று இரவே இதை முடித்துவிடுங்கள்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். உங்கள் பெயரில் ஒன்று போட்டால் எல்-2 விசாவில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்டதாக ஆகாது. சிறு பிள்ளைகளுக்காகத் தெரிவிக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர், தன்பெயர் என்ற பிரிவு கிடையாது. ஏ/எல், ஏ/பி என்ற இணைப்போடு முழுப்பெயரும் ஒரே வரியில் வரும். அமெரிக்கக் கணினிகளோ அதை இரண்டாகப் பிரித்தே ஏற்கும். சாய்கோட்டை எடுத்துவிட்டு எழுத்துகளை மட்டும் சேர்த்திருப்பார்கள், சில இடங்களில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார்கள். எது சரி என்று ஆராய்வதில் பயன் இல்லை. உங்கள் விசாவிலும், நுழைவுப் பதிவான ஐ-94இலும், துறை அனுப்பிய ரசீது அறிவிப்பிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். மாற்றி எழுதினால் நீங்கள் தெரிவித்த முகவரி உங்கள் கோப்போடு இணையாமல் போகலாம்.

இதே காரணத்தால் அஞ்சல் பெட்டியிலும் ஒரு வேலை இருக்கிறது. அடுக்ககங்களில் எல்லா வீடுகளுக்குமான பெட்டிகளும் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். கணவருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் பொதுவான குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தை அஞ்சல்காரர் அறியமாட்டார். ஒரே வீட்டு எண்ணுக்குத் தொடர்பில்லாத மூன்று நான்கு பெயர்களில் கடிதம் வந்தால், பழைய வாடகைக்காரருடையது என்று நினைத்துத் திருப்பிவிட இடமுண்டு. வீட்டில் உள்ள அனைவரின் முழுப்பெயரையும் விசாவில் உள்ளபடியே ஒரு சீட்டில் எழுதி, எங்கள் பெட்டியைத் திறந்ததும் அவர் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டிவைத்திருந்தோம். வேலை அனுமதி அட்டையோ கிரீன் கார்டோ திரும்பிப் போய்விட்டால் அதை மீண்டும் வரவழைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பதால், இந்தச் சீட்டை நான் அற்பமாக நினைக்கவில்லை.

நிலுவையில் ஏதேனும் விண்ணப்பம் இருந்தால், அதன் ரசீது எண்ணோடும் புதிய முகவரி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையக் கணக்கில் மாற்றும்போது ஒவ்வொரு ரசீது எண்ணையும் குறிப்பிட்டு, மாற்றம் ஏறியதா என்று சில நாள் கழித்துச் சரிபாருங்கள். தாளில் அனுப்பும் ஏஆர்-11 சட்டக் கடமையை நிறைவேற்றும். நிலுவையில் உள்ள ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது முகவரியை மாற்றிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் முகவரியை மாற்றியதும், அஞ்சல் துறையிடம் கடிதங்களைப் புதிய வீட்டுக்குத் திருப்பிவிடச் சொன்னதும் இந்தக் கடமையில் சேரா. குடிநுழைவுத் துறையின் முக்கியமான உறைகளைப் புதிய முகவரிக்கு அனுப்பாமல், வந்த இடத்துக்கே திருப்ப வேண்டும் என்ற குறிப்போடு அனுப்புவது வழக்கம். நிறுவன வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்றும் இருக்காதீர்கள். சட்டம் பொறுப்பை உங்கள்மேல்தான் வைத்திருக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கு முகவரி மாற்றுவது மாநிலத்தின் தனி விவகாரம். அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் அதற்கும் 10 நாள்களே அவகாசம்.

பின்னாளில் எச்-1பி விசாவுக்கு மாறினால், வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடமும் முக்கியமாகிவிடும். வேறு நகர்ப்புற வட்டாரத்துக்குக் குடிபோய் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினால், நிறுவனம் திருத்திய விசா மனுவை முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். சிமெயோ என்ற நிறுவனத்தின் வழக்கில் 2015இல் வந்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. ஆகவே வீடு பார்ப்பதற்கு முன்பே மேலாளரிடம் பேசுங்கள்.

இவ்வளவு பழைய விதியை யார் பார்க்கிறார்கள் என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். வெளிநாட்டவர் பதிவு 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது; ஆண்டுதோறும் ஜனவரியில் எல்லோரும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்ற நடைமுறை 1981 வரைகூட இருந்தது. இடையிடையே அரசு இதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததும் உண்மையே. ஆனால் 2002இல் நீதித்துறை இதைக் கண்டிப்புடன் செயல்படுத்தப்போவதாக அறிவித்தது, 2025இல் வெளிநாட்டவர் பதிவு விதிகள் மறுபடியும் முடுக்கிவிடப்பட்டன. இந்த ஆண்டுகளில் 10 நாள் விதி மாறவே இல்லை. அதை எடுத்துக் கையாள விரும்பும் அரசு எப்போது வரும் என்பதை நம்மால் கணிக்க முடியாது. தெரிவிக்காதவருக்கு அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு, நாட்டை விட்டு வெளியேற்றவும் இடமுண்டு.

இனி உங்கள் தங்கை விஷயம். அவர் எஃப்-1 மாணவ விசாவில், படிப்புக்குப் பிந்தைய ஓபிடி வேலை அனுமதியில் இருக்கிறார் என்று கொள்கிறேன். மாணவர்களுக்கு வழி சற்று வேறு. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்ற பொறுப்பாளரிடம் 10 நாள்களுக்குள் தெரிவித்தால், அவர் 21 நாள்களுக்குள் செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டில் ஏற்றுவார். அதுவே குடிநுழைவுத் துறைக்குத் தெரிவித்ததாகவும் கொள்ளப்படும். ஓபிடியில் இருப்பவர்களுக்கு, வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுத் திட்டமான எஸ்இவிபி-இன் தளத்தில் சொந்தக் கணக்கு இருக்கும், அதில் தாமே மாற்றலாம். வேலை அனுமதி அட்டைக்கான விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் மட்டும், யூஎஸ்சிஐஎஸ் கணக்கிலும் தனியாக மாற்ற வேண்டும்.

நான்கு மாதம் தாமதமாகிவிட்டதே என்று பயந்து பேசாமல் இருப்பதுதான் இப்போது அவர் செய்யக்கூடாதது. தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் இருந்தது என்றோ, வேண்டுமென்றே செய்யவில்லை என்றோ காட்ட முடிந்தால், அவரை இதற்காக வெளியேற்றக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. விதி தெரிந்த அன்றே தானாக முன்வந்து தெரிவித்தவரின் நிலை நிச்சயமாக வலுவானது. ஆனால் எந்தப் படிவத்திலும் குடிபோன தேதியை முன்பின்னாகப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். நாளைக்குக் கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பித்தால் கடந்த 5 ஆண்டுகளில் தங்கிய ஒவ்வொரு முகவரியையும் தேதியோடு கேட்பார்கள். அப்போது வாடகை ஒப்பந்தம் ஒன்றும் படிவம் ஒன்றும் சொன்னால், ஒரு சிறு தாமதம் பொய்யாகிவிடும். இன்றைக்கே எஸ்இவிபி கணக்கில் மாற்றச் சொல்லுங்கள். பிறகு டிஎஸ்ஓவுக்கு மின்னஞ்சலில் நடந்ததை நடந்தபடி எழுதி, செவிஸில் மாற்றம் ஏறியதை உறுதிப்படுத்தக் கேட்கட்டும். பழைய வீட்டுக்காரரையோ அங்கே இப்போது குடியிருப்பவரையோ தொடர்புகொண்டு, இந்த நான்கு மாதங்களில் தன் பெயருக்குக் கடிதம் ஏதும் வந்ததா என்று அவர் விசாரிக்க வேண்டும். துறையிடமிருந்து வந்த உறை ஏதேனும் இருந்தால், அதைப் பிரித்துக் கெடு தேதியைப் பார்த்துவிட்டு, அன்றே ஒரு குடிநுழைவு வழக்கறிஞரிடம் காட்டட்டும்.