அட்வான்ஸுக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: மறதி நோய் உள்ள என் அப்பாவைக் கோவையில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். இரவில் அவர் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவைக்கிறார்கள். மணிக்கட்டில் காயம், முதுகில் படுக்கைப் புண். கேட்டால், "விழாமல் இருக்கத்தான். ராத்திரிக்கு ஒரே ஆள்தான். உங்கள் அண்ணன் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்கிறார்கள். மேனேஜர் மரியாதையில்லாமல் பேசினார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனும் அவர்கள் பக்கம். அப்பாவை அழைத்து வந்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மேனேஜர் பேசியதையும் அண்ணன் யார் பக்கம் என்பதையும் விடுங்கள். கேள்வி ஒன்றுதான்: கட்டிய ஒவ்வொரு முறையும் மருத்துவரின் உத்தரவும் காரணமும் நேரமும் எழுத்தில் இருக்கின்றனவா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆம் பிரிவுப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் ஒருவரைக் கட்டலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டவே கூடாது. 'ஒரே ஆள்தான்' என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதை எழுத்தில் வாங்கப் பாருங்கள். சேரும்போது போட்ட பொதுவான சம்மதம் மருத்துவரின் உத்தரவுக்கு ஈடாகாது. பாதுகாப்புக்காகக் கட்டினோம் என்பதை நான் எளிதில் ஏற்கமாட்டேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல்தான்.

'நாங்கள் மனநல நிலையமே அல்ல, அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது' என்று வாதிடுவார்கள். நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதாக விளம்பரம் செய்திருந்தால் அந்த நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள். அந்த வாதம் எடுபட்டாலும், சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு இரண்டு வருடம்.

வக்கீலாக நான் பார்த்தவரை, என் கட்சிக்காரர்கள் வழுக்கி விழுவது வேறு இடத்தில். கோபத்தில் போய், பெரியவரை அன்றைக்கே அழைத்து வருவார்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர இல்லம் ஒரு தாளை நீட்டும்: 'முழுத் திருப்தியுடன் செல்கிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.' பணம் வந்தால் போதும் என்று கையெழுத்துப் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து என்னிடம் வரும்போது அந்தத் தாள்தான் எதிர்த்தரப்பின் முதல் ஆவணம். அதற்குள் சிசிடிவி பதிவும் அழிந்திருக்கும். காயம் ஆறியிருக்கும், சான்றிதழ் இருக்காது.

அப்பாவை அழைத்து வருவதைத் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டி, காயத்தையும் புண்ணையும் பதிவு செய்யுங்கள். கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மருந்துப் பட்டியல் எல்லாவற்றின் நகலையும் எழுதிக் கேளுங்கள். தூக்க மருந்து கொடுத்து அடக்கியிருந்தால் மருந்துப் பட்டியலில்தான் தெரியும். சிசிடிவியை அழிக்கக் கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ போடாதீர்கள். அவதூறு வழக்கு அவர்கள் கைக்குப் போய்விடும்.

சரி, வழக்கு? உங்கள் அப்பாவால் சாட்சி சொல்ல முடியாது, வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். நகல்கள் கைக்கு வந்தபின் அட்வான்ஸும் சிகிச்சைச் செலவும் தர முன்வந்தால், சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சமரசப் பத்திரத்தை உங்கள் வக்கீல் எழுதட்டும். மற்றப் பெரியவர்களையும் அங்கே கட்டிவைப்பதாகத் தெரிந்தால், மாநில மனநல ஆணையத்துக்குப் புகார் செய்யும் உரிமையை அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.